துண்டுக்கடியில் எத்தனை விரல்?

ஏனப்புனு, மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்குது? எஸெண்டன் தோத்துப்போச்சா? ஆட்டமே இல்லாத அக்டோபர் மாசத்துலயும் தோக்கறதுக்கு உங்க டீமால மட்டுந்தான் முடியும். சித்த இப்படி வந்து உக்காரு. அந்தப் போனைக் கீழ வை. அதுல வர்ற ரோசனையெல்லாம் உங்கம்மா கடையில வாங்கியார தக்காளி மாதிரி. மேல நல்ல செவப்பு, அறுத்துப் பார்த்தா வெள்ளை.

சேதி எனக்கும் தெரியும். உங்க எஸெண்டன் கேப்டன் ஸாக் மெரட் இந்த 2025 அக்டோபர்ல ஹாதார்ன் டீமுக்குப் போறேன்னு கேட்டான். 2027 வரைக்கும் ஒப்பந்தம் இருக்குதுன்னு எஸெண்டன்காரங்க கயித்தை விடலை. கடைசி நாள் பொழுது சாயற வரைக்கும் இழுத்துப் பார்த்துட்டு ஹாதார்ன் வெறுங்கையோட வீட்டுக்குப் போச்சு. அதுக்குத்தான நீ பல்லைக் கடிக்கிறே? "கெழடுகளை ஒட்டுக்கா வித்துப்போட்டுச் சின்னப்பசங்களை வாங்கோணும் அப்புச்சி"ன்னு நேத்தெல்லாம் கத்துனியே. மெரட்டுக்கு 30 வயசு. 30 வயசு கெழடாமா! எனக்கு 30 வயசாகறப்ப உங்கம்மா பொறக்கவே இல்லை.

நான் இந்த மெல்பர்னுக்கு வந்த புதுசுல இந்த ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்துட்டு, யாரோ மட்டை உரிக்காத தேங்காயைத் திருடிட்டு ஓடறான், ஊரே தொரத்துதுன்னுதான் நெனைச்சேன். பக்கத்துக்குப் 18 பேரு. நாலு கம்பத்தை நட்டு வெச்சு, நடுவுல போனா ஆறு பாயிண்டாம், ஓரத்துல போனா ஒண்ணாம். குறி தப்புனவனுக்கும் ஒரு பாயிண்டு குடுக்கறாங்களே, மனசுள்ள சனங்கன்னு அன்னைக்கே எனக்கு ஆட்டம் புடிச்சுப் போச்சு. ஆனா ஆட்டத்தைவிட எனக்கு ருசியா இருக்கறது இந்த அக்டோபர்ச் சந்தைதான். காங்கயத்துப் பக்கம் பொறந்தவன் பாரு, சந்தைன்னா காது தானா நீண்டுக்கும்.

நம்மூர்ல மாட்டு விலையைத் துண்டுக்கடியில விரலைப் புடிச்சுப் பேசுவோம். வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் தரகனுக்கும் மட்டுந்தான் தெரியும். இங்க துண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆளுக்கு ஆளு, ஆளுக்கு டிராஃப்ட் தேர்வு, தேர்வுக்குத் தேர்வுன்னு மாத்திக்கறாங்க. ஒரு கிளப்பு இன்னொரு கிளப்புக்கு ரொக்கமா நோட்டை எண்ணி வெச்சு ஆளை வாங்கிக்க முடியாது. டிராஃப்ட்டுங்கறது புதுப்பசங்களைக் கிளப்புங்க வரிசையாப் பொறுக்கி எடுக்கறது. 1986-ல இருந்து நடக்குது. கடைசியா வந்த டீமுக்கு முதல் தேர்வு. பந்தியில கடைசியா வந்தவனுக்கு முதல் எலையப் போட்டா எப்படி இருக்கும், அந்தக் கணக்கு. உன் பள்ளிக்கூடத்துலயும் இப்படியொரு சட்டம் இருந்திருந்தா நீ எத்தனை உசரத்துக்குப் போயிருப்பே!

இன்னொரு சட்டமும் இருக்குது. ஒப்பந்தத்துல இருக்கற ஆளை, அவன் தலையாட்டாம வேற டீமுக்கு மாத்த முடியாது. அவனா சரின்னு சொல்லோணும். இதை ஒரு ஓரமா மனசுல முடிஞ்சு வெச்சுக்க, பொறவு வேலைக்கு ஆகும்.

சரி, நீ சொல்ற மாதிரியே ஒட்டுக்கா வித்துப்போடலாம். நான் எதுக்குக் குறுக்க நிக்கறேன்? நல்ல ரோசனை. உனக்கு முன்னாலயே இதைச் செஞ்சு பார்த்த புண்ணியவாங்க இதே ஊர்ல இருக்காங்க, நார்த் மெல்பர்ன்காரங்க. 2016-ல முதல் ஒம்பது ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சாங்க. வருஷம் முடியறதுக்குள்ளயே நாலு பெரிய ஆளுங்களைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் உங்களுக்கு எடமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. பிரெண்ட் ஹார்வி, ட்ரூ பெட்ரி, நிக் டால் சாண்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ. ஹார்வி ஆடி முடிச்சது மொத்தம் 432 ஆட்டம். அந்த எண்ணிக்கைய அதுக்கு முன்னால ஒருத்தனும் தொட்டதில்லை. அவனுக்கு 38 வயசு, சரி, போகட்டும்னு வையி. ஆனா நாலு தூணை ஒரே நாள்ல புடுங்கினா திண்ணையில எவன் உக்காருவான்? அடுத்த வருஷம் 15-வது எடம்.

அதோட நின்னாங்களா? 2020 முடிஞ்சதும் ஒரே மூச்சுல 11 பேரைக் கழிச்சு உட்டாங்க. ஷான் ஹிக்கின்ஸ் ஜிலாங்குக்குப் போனான். பென் பிரவுன், அந்தச் சடையன், மெல்பர்ன் டீமுக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? மெல்பர்ன் டீமு 57 வருஷமா கோப்பையைப் பார்க்காம ஏங்கிக் கெடந்துச்சு. 2021 கிராண்ட் ஃபைனல்ல மூணு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிட்டான். அவனை ஆகாதுன்னு ஓட்டிவிட்ட நார்த்து அதே வருஷம் எத்தனாவது எடம்? 18. மொத்த டீமே 18-தான் கண்ணு. அடுத்த வருஷமும் 18. அதுக்கடுத்து 17. மறுபடியும் 17. முதல் தேர்வு, மூணாந் தேர்வுன்னு பசங்க வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. கன்னுக்குட்டி குறைச்சலே இல்லை. சால் எங்க ஆரம்பிச்சு எங்க திரும்போணும்னு சொல்லிக் குடுக்கத்தான் பட்டியில ஒரு பெரிய உருப்படி இல்லை.

கடைசியில 2024-ல என்ன பண்ணுனாங்க தெரியுமா? சிட்னியில இருந்து லூக் பார்க்கர், வெஸ்ட் கோஸ்ட்ல இருந்து ஜாக் டார்லிங், புல்டாக்ஸ்ல இருந்து கேலப் டேனியல். வயசும் அனுபவமும் வேணும்னு தேடிப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க. வீட்டுல இருந்த ஆட்டுக்கல்லைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, எட்டு வருஷம் கழிச்சு ஊரூராப் போயி ஆட்டுக்கல்லு தேடுன கதை. நல்லாச் சிரிக்கிறியே, சிரி. நார்த்தை நெனைச்சா எஸெண்டன்காரனுக்குக்கூடச் சிரிப்பு வந்துருது.

என்னது, ஹாதார்னா? வருவேன்னு தெரியும். நீ அங்கதான் வந்து நிப்பே.

அது ருசியான கதைதான், மெதுவாச் சொல்றேன். 2013, 2014, 2015, மூணு வருஷம் வரிசையாக் கோப்பை. 2016 முடிஞ்சதும் கோச் அலஸ்டர் கிளார்க்சன் ரெண்டு பேரை விட்டுக் குடுத்தாரு. சாம் மிட்சல் வெஸ்ட் கோஸ்டுக்கு, ஜோர்டன் லூயிஸ் மெல்பர்னுக்கு. அந்த வருஷம் டீம்ல நெம்ப நல்லா ஆடுனவன்னு கிளப்பு மெடல் குடுத்தது யாருக்கு? அதே சாம் மிட்சலுக்கு. மாலையப் போட்ட கையோட மூக்கணாங்கயித்தைப் புடிச்சு அடுத்தவன்கிட்டக் குடுத்த மாதிரி. பதிலுக்குக் கெடைச்சது என்னமோ எண்ணிச் சொல்றதுக்குக் கூச்சமா இருக்கற பின்வரிசைத் தேர்வுங்கதான். அதே சந்தையில டாம் மிட்சலையும் ஜேகர் ஓ'மீராவையும் வாங்கிப் போட்டாங்க. டாம் மிட்சல் 2018-ல லீக்லயே சிறந்த ஆளுக்குக் குடுக்கற பிரௌன்லோ மெடலே வாங்குனான். அந்த வருஷம் நாலாவது எடம் வந்துட்டு, அதுக்குப் பொறவு சறுக்குனாங்க.

இப்பத்தான் வேடிக்கை. வித்துப்போட்ட சாம் மிட்சல் திரும்பி வந்து கோச்சு வேலை பழகி, 2022-ல ஹாதார்னுக்கே தலைமைக் கோச்சா உக்கார்ந்துட்டாரு. முதல் வருஷம் முடிஞ்சதும் சந்தைக்கு வந்து என்ன பண்ணுனாரு? தன் எடத்துக்கு வந்த டாம் மிட்சலைக் காலிங்வுட்டுக்கும், ஓ'மீராவை ஃபிரிமாண்டலுக்கும், ஜாக் கன்ஸ்டனைப் பிரிஸ்பேனுக்கும் ஓட்டி உட்டாரு. வித்த மாடே தரகனா வந்து நின்ன கதையை எங்காச்சும் கேட்டிருக்கியா? 2023-ல டாம் மிட்சல் காலிங்வுட்டுல கோப்பையைத் தூக்கறான், நாலே பாயிண்டு வித்தியாசத்துல. ஹாதார்ன் 16-வது எடத்துல உக்காந்து கொட்டாவி உடுது. ஊரே சிரிச்சுது. 2024-ல முதல் அஞ்சு ஆட்டமும் தோத்தப்ப இன்னும் சத்தமாச் சிரிச்சுது. அப்புறம் பாரு, எந்திரிச்சாங்க. ஃபைனல்ஸுக்குப் போயி, செமிஃபைனல்ல போர்ட் அடிலெய்டுகிட்ட மூணு பாயிண்டுல தோத்தாங்க. 2025-ல கோப்பைக்கு மிஞ்சுன கடைசி நாலு டீம்ல ஒண்ணு.

"பார்த்தீங்களா அப்புச்சி, வித்ததாலதான் எந்திரிச்சாங்க"ங்கறே. கண்ணு, சந்தையில எத்தனை மாடு வித்தான்னு கேக்கறவன் வேடிக்கை பார்க்க வந்தவன். கட்டுத்தறியில எது மிச்சம் நிக்குதுன்னு பார்க்கறவன்தான் பண்ணையம் பண்றவன். டாம் மிட்சலும் ஓ'மீராவும் ஆடுனது நடு மைதானத்துல. அதே எடத்துக்கு ஜெய் நியூகம்பும் வில் டேயும் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாங்க. பெரிய மரம் நெழலுல நின்னா சின்ன மரம் காய்க்காது, அதனால அந்தக் கெளையை மட்டும் வெட்டுனாரு. முன்னால கோல் போடற எடத்துல லூக் பிரஸ்ட்டை வெச்சுக்கிட்டாரு. அவன் அந்த மூணு கோப்பை டீம்லயே ஆடுனவன். அதையும் விடு. 2022-ல ஓட்டி உட்டாரே ஜாக் கன்ஸ்டன், அவனை ஒரே வருஷத்துல திருப்பிக் கூட்டியாந்துட்டாரு. ஒரு தரம் வித்ததை ஒத்துக்கிட்டுத் திரும்ப வாங்கறதுக்கு ஒரு மனசு வேணும், நம்ம தரகன் எவனுக்கும் அது இல்லை. அந்தக் கன்ஸ்டன்தான் 2025-ல 33 வயசுல, வருஷத்துச் சிறந்த ஆளுங்களைப் பொறுக்கற ஆல் ஆஸ்திரேலியன் டீம்ல எடம் புடிச்சான். உன் கணக்குல அவன் செத்துப்போன ஆளு.

இன்னொருத்தன் கதை கேளு. அவனும் ஹாதார்ன்காரன்தான். லூக் ஹாட்ஜ். 'ஜெனரல்'னு பட்டப்பேரு, ஏன்னா அவன் ஓடறதைவிடக் கையை நீட்டி ஏவறதுதான் அதிகம். 2017-ல ஓய்வுன்னு சொல்லி, தோள்ல தூக்கி, கண்ணைத் தொடைச்சு அனுப்பி வெச்சாச்சு. அந்த வருஷம் கடைசி எடம் பிரிஸ்பேன் லயன்ஸ். அங்க முழுக்கப் பொடிப்பசங்க. பிரிஸ்பேன்காரங்க போயி இவனைக் கூப்பிட்டுக்கிட்டாங்க, சும்மா குடுத்த மாதிரி ஒரு வெலைக்கு. 33 வயசு, முட்டி வேற சரியில்லை. 2018-ல பிரிஸ்பேன் 15-வது எடம். சனங்க பார்த்துச் சிரிச்சுதா? சிரிச்சுது. 2019-ல ரெண்டாவது எடம்! ஹாட்ஜ் அத்தோட நிஜமாவே ஓய்வு வாங்கிட்டான். அவன் பக்கத்துல தற்காப்புல நின்னு பழகுன ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் பின்னால கேப்டனாகி 2024-ல கோப்பையைத் தூக்குனான். 2025-லயும் அவங்களுக்கே.

நெசமாவே ஹாட்ஜ் ஒருத்தனாலயா இதெல்லாம் வந்துச்சு? இல்லை. நல்ல கோச்சு, லாச்சி நீல் மாதிரி கெட்டிக்கார ஆளு, நல்ல டிராஃப்ட்டு, எல்லாந்தான். ஆனா புதுக் காளையை ஏர்ல பழக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். ரெண்டு கன்னையும் சேத்து நொகத்துல பூட்டி உட்டா ஒண்ணு கெழக்க இழுக்கும், ஒண்ணு வேலியத் தாண்டும், நீ மேழியப் புடிச்சுக்கிட்டு மண்ணைக் கவ்விக் கெடப்பே. பழகுன எருதோட ஜோடி சேத்துப் பூட்டோணும். அது வேகமா நடக்காது. பாதியில நின்னு மூத்தரம் பெய்யும். ஆனா சால் முடியற எடத்துல நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னால தானாத் திரும்பும். பக்கத்துல இருக்கற கன்னும் வேற வழியில்லாம திரும்பும். ரெண்டு மழை பார்த்துட்டா, பொறவு அந்தக் கன்னு திரும்பறதுக்கு எருது வேண்டாம். விக்கறதானா அப்பத்தான் எருதை விக்கோணும். அதுக்கு முன்னால வித்தீன்னா எருதுக்கும் விலை கெடைக்காது, கன்னுக்கும் புத்தி வராது.

டிராஃப்ட்டுக்கு முன்னால பசங்களை ரெண்டு கிலோமீட்டர் ஓட உடறாங்க, எத்தனை உசரம் குதிக்கறான்னு அளக்கறாங்க. நாம கன்னுக்குச் சுழி பார்க்கற மாதிரி. சுழி சுத்தமா இருந்தா எல்லாம் சரியாப் போயிரும்னு நம்பிப் பணத்தைக் கட்டுன எத்தனை பேரு பொறவு எங்க ஊட்டுத் திண்ணையில வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா? அளவு நாடா கால் நீளத்தைச் சொல்லும். நாலாங்குவார்ட்டர்ல ஆறு பாயிண்டு பின்தங்கி மழையில நிக்கறப்ப அந்தக் கால் எந்தப் பக்கம் ஓடும்னு சொல்லாது.

வயசு வயசுங்கறியே, 2022-ல கோப்பை வாங்குன ஜிலாங் டீமு, அதுவரைக்கும் கோப்பை வாங்குனதுலயே வயசான டீமு. சராசரியே 28-க்கு மேல. சிட்னியை 81 பாயிண்டுல வெளுத்தாங்க. அந்தக் கிராண்ட் ஃபைனல்ல நெம்ப நல்லா ஆடுனவன்னு நார்ம் ஸ்மித் மெடல் வாங்குன ஐசக் ஸ்மித்துக்கு 33 வயசு. அவன் எங்கிருந்து வந்தான்? போ, அதுவும் ஹாதார்ன்தான். கை கழுவுன ஆளுங்களை வெச்சே இன்னொரு டீம் நடத்தலாம் போல.

ரிச்மண்டைப் பத்திக் கேக்கறியா? 2024-ல ரெண்டே வெற்றி, கடைசி எடம், அதைத்தான் மரக்கரண்டிங்கறாங்க. ஷாய் போல்டன், டேனியல் ரியோலி, லியாம் பேக்கர்னு நல்ல வயசுல இருந்தவங்களையெல்லாம் குடுத்து முதல் சுற்றுத் தேர்வா வாரிக்கிட்டாங்க. ஆனா விளஸ்டின், நேன்கெர்விஸ், லிஞ்ச்சு மாதிரி பெரிய ஆளுங்களை வெச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அஞ்சு வெற்றி. இப்பத்தான் வெதைச்சிருக்காங்க. மொளைக்கறதுக்கு முன்னால போயித் தோண்டிப் பார்க்கறது கோழி வேலை.

உங்க எஸெண்டன் கதைக்கு வருவோம். நீ அப்பச் சின்னப்பையன். 2016-ல ஊக்கமருந்து ஊசி விவகாரத்துல பழைய ஆளு, அப்ப ஆடுன ஆளுன்னு 34 பேருக்குத் தடை. டீம்ல முக்கியமான பல பேரு காலி. அப்ப எங்கிருந்தெல்லாமோ மாத்து ஆளுங்களைக் கூட்டியாந்து நிறுத்துனாங்க. ஜிலாங்குல மூணு கோப்பை வாங்கி ஓய்வு எடுத்த ஜேம்ஸ் கெல்லியும் வந்தான். கடைசி எடந்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த முதல் தேர்வுல ஆண்ட்ரூ மெக்ராத் வந்தான், கெல்லி இன்னொரு வருஷம் நின்னான், தடை முடிஞ்சு பெரியவங்க திரும்புனாங்க, 2017-ல ஃபைனல்ஸ் ஆடிட்டாங்க. சின்னதும் பெருசும் சேர்ந்து நின்ன வருஷம் அது. அதுக்குப் பொறவு நீங்க அதை மறந்துட்டீங்க. 2020-ல இருந்து 2023-க்குள்ள மூணு கோச்சு. மாடு ஒழுங்கா உழுகலைன்னு திட்டறதுக்கு முன்னால, மேழி எத்தனை கை மாறுச்சுன்னு எண்ணிப் பாரப்பா.

மெரட்டை விக்கோணுமா வேண்டாமான்னு நேராக் கேளு, சொல்றேன். வித்திருக்கோணும். என்ன முழிக்கறே? இத்தனை நேரம் வெச்சுக்க வெச்சுக்கன்னு சொன்ன கெழவன் பல்டி அடிக்கறானேன்னா? நான் வெச்சுக்கச் சொன்னது தானா நிக்கற எருதை. அவன் 2014-ல இருந்து உங்களுக்கு உழுகறான். உங்க டீமு ஃபைனல்ஸ்ல கடைசியா ஒரு ஆட்டம் ஜெயிச்சது 2004-ல. ஒரு ஃபைனல்ஸ் வெற்றியக்கூடப் பார்க்காம 30 வயசு ஆயிருச்சு அவனுக்கு, போகோணும்னு கேட்டது தப்பில்லை. கயித்தை இழுத்துக்கிட்டே நிக்கற எருதுக்குப் பக்கத்துல கன்னைக் கட்டுனா அது உழவையா கத்துக்கும்? கயிறு இழுக்கறதைத்தான் கத்துக்கும். வெலை உச்சத்துல இருக்கறப்ப, அடுத்தவன் துண்டுக்கடியில ஆறு விரலைப் புடிக்கறப்ப, சரின்னு சொல்லியிருக்கோணும். சொல்லிட்டு அதே மத்தியானம் எவன்கிட்டயாச்சும் போயி, ஹாட்ஜ் மாதிரி வாயாடிக் கெழவன் ஒருத்தனைச் சும்மா வாங்கியாந்து உங்க பொடிப்பசங்க நடுவுல உட்டிருக்கோணும். உங்க ஆளுங்க ரெண்டுல ஒண்ணையும் செய்யலை. மானத்தைக் காப்பாத்திட்டோம்னு சொல்லிக்கிட்டாங்க. மானத்தை நொகத்துல பூட்ட முடியாது.

இப்ப நான் ஏன் உன்னைப் புடிச்சு உக்கார வெச்சு இத்தனை பேசறேன்னு நினைக்கறே? நேத்து ராத்திரி சமையக்கட்டுல உங்கம்மா உங்க மாமன்கூடப் போன்ல பேசுனது எனக்குக் கேக்கலைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. காது மந்தம்தான், செவுடு இல்லை. இந்தக் குளுருக்கு அப்பனுக்கு முட்டி ஆகலையாம். உனக்குப் பன்னண்டாம் வகுப்பு வருதாம், படிக்கறதுக்குத் தனி ரூமு வேணுமாம், அந்த ரூமு எதுன்னு உனக்கே தெரியும். ஆக, ஊட்டைப் புதுசாக் கட்டியெழுப்பறதுக்குப் பெரிய உருப்படியக் காங்கயத்துக்கு ஓட்டி உடறதுன்னு பேச்சு நடக்குது. பதிலுக்கு மாமன் என்ன தர்றேன்னான் தெரியுமா? நாட்டு அவரை வெதை ரெண்டு பொட்டணம். அதையும் டுல்லாமரைன் ஏர்போர்ட்டுல புடுங்கிக்குவானுக. எனக்கு வெலை அவ்வளவுதானாமா!

நீ போயி உங்கம்மாகிட்டச் சொல்லு. ஒப்பந்தத்துல இருக்கற ஆளை, அவன் தலையாட்டாம மாத்த முடியாதாமா, இந்த ஊரு சட்டமாமா, அப்புச்சி இன்னும் தலையாட்டலையாமான்னு சொல்லு. அப்படியே வர்றப்ப ஒரு காப்பி. சக்கரை கொஞ்சம் தூக்கலா. அவ பார்க்காதப்பப் போடு.